மூக்கை மாற்றலாமா?

"மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்று பெண்ணைப் புகழ்வது தமிழ்நாட்டு வழக்கம். அதனால், மூக்கு சப்பை என்றால் வீட்டிலேயே கேலி தொடங்கி விடுகிறது. பிறகு, "ஆபரேஷன் செய்து கொள்ளலாமா?" என்ற எண்ணம் வருகிறது.

மூக்கு ஆபரேஷன் புதியது அல்ல. 1792-ம் ஆண்டு மைசூர்ப் போரில், காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரரின் மூக்கு அறுபட்டது. புனே பக்கத்து வைத்தியர் ஒருவர், நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு அமைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் இச்செய்தி வந்தது. 1814-ல் டாக்டர் கார்ப்யூ அங்கே அதே முறையில் ஆபரேஷன் செய்தார்.

அது, இழந்த மூக்கைப் பெற்ற கதை. இருக்கிற மூக்கை மாற்றுவது வேறு.

மூச்சு விடச் சிரமமா? மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறதா? அப்படியானால் ஆபரேஷன் தேவைப்படலாம். ஊர் வாய்க்குப் பயந்து என்றால் அவசரம் கூடாது. பிள்ளைகள் முகம் வளர்ந்து முடியும் வரை பொறுக்க வேண்டும்.

தகுதி பெற்ற டாக்டரிடம், சாப்பிடும் மருந்துகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் ரத்தப்போக்கை அதிகமாக்கும். ஆனால் டாக்டரைக் கேளாமல் அதை நிறுத்தவும் கூடாது. புகை பிடித்தால் புண் ஆறத் தாமதமாகும். வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டு ஆகலாம். சிலருக்கு மறு ஆபரேஷனும் தேவைப்படும்.

முடிவு செய்ய வேண்டியவர், மூக்குக்கு உரியவரே. பெண் பார்க்க வருகிறவர்கள் அல்ல. வீட்டார் இன்றே கேலியை நிறுத்தலாம். அதற்குக் கத்தி வேண்டியதில்லை.