வெயில் விற்பனைக்கு

நாகர்கோவிலில் அடுக்குமாடி வீடு விற்கிறவர்கள் மூன்று சரக்குகளைச் சேர்த்து விற்கிறார்கள். ஒன்று வீடு. இன்னொன்று வெயில். மூன்றாவது, அமைதி. வீடு அவர்களுடையது, விற்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. மற்ற இரண்டும் யாருடையவை?

சென்ற கார்த்திகையில் ஒரு தரகரிடம் இதைக் கேட்டேன். மும்பையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் மைத்துனருக்காகப் போயிருந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை. கிழக்கு ஜன்னலைத் திறந்தார். கீழே கும்பப்பூப் பயிர் பச்சையாக நின்றது, அப்பால் மலை. அறை முழுவதும் காலை வெயில். உண்மையிலேயே மனம் இளகிவிட்டது.

"அந்த வயல் யாருடையது?" என்றேன்.

"அதையும் நம்ம பார்ட்டிதான் வாங்கியிருக்கு, அண்ணாச்சி. அடுத்த பிளாக் அங்கேதான் வருது" என்றார், பெருமையாக.

அவர் முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. ஜன்னலைக் காட்டி விலை சொல்கிறவரே அந்த ஜன்னலை அடைக்கப் போகிறவரின் ஆள் என்பதில் அவருக்கு எந்த முரண்பாடும் தோன்றவில்லை. இதுதான் என்னைச் சுட்டது.

பழைய வீடுகளே சொர்க்கம் என்று நான் வாதாட வரவில்லை. நாஞ்சில் நாட்டு ஓட்டு வீடுகளில் அங்கணத்தில் வெயில் விழும்; அடுக்களையில் விழாது. மழைக்கும் வெயிலுக்கும் பயந்து தாழ்வாரத்தை இறக்கிக் கட்டினார்கள். அந்தப் புகையிருட்டில் ஆயுளைக் கழித்தவர்கள் பெண்கள். அவர்களுடைய பேத்திகள் வெளிச்சமான வீடு வேண்டும் என்று கேட்பது முழு நியாயம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பத்துப் பங்காகப் பிரிந்த தறவாட்டைப் பெருக்கக்கூட ஆளில்லாத முதியவர்கள் மாடி வீட்டுக்குப் போவதும் நியாயமே. (சித்திரை மாத மேற்கு வெயிலை நம் ஊரில் எவனும் காசு கொடுத்து வாங்கமாட்டான் என்பது வேறு விஷயம்.) அந்த நியாயமான ஆசையை வைத்து நடத்தும் வியாபாரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல காரியம் செய்திருக்கிறது. வெளிச்சுவரையும் மாடிப்படியையும் அளவில் சேர்த்து விலை பேசும் தந்திரத்துக்கு எதிராக, உள்ளே புழங்கும் பரப்பு இன்னதென்று அது வரையறுத்திருக்கிறது. பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டியவர், வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் 'வெளிச்சமான வீடு' என்பது பொய்யா? காட்டிய அன்று மெய்தானே! 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைப் புரட்டினால், ஜன்னல் வெளிச்சத்துக்கு உரிமை கேட்க அதை 20 வருஷம் இடையூறின்றி அனுபவித்திருக்க வேண்டும் என்கிறது. அறுபது வயதில் வீடு வாங்குகிறவர் எண்பது வயதில் வழக்குப் போடலாம். அதுவரை எதிரே கட்டடம் எழும்பாதிருந்தால்!

வயலையும் சற்று யோசியுங்கள். வயல் வெறும் காலி மனை அன்று. தண்ணீர் தங்குவதற்கென்றே தாழ்த்தி, வரப்புக் கட்டி, தலைமுறை தலைமுறையாகச் சமன் செய்த இடம். 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்தபின் கால்வாய்கள் எங்கெல்லாம் போயினவோ, அங்கெல்லாம் இரண்டு பூ விளைந்தது. அதில் செம்மண்ணைக் கொட்டி உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் ஆவியாகிவிடுமா? அடுத்தவன் வாசலுக்குப் போகும். 2021 நவம்பர் மழையில் மாவட்டம் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் சொல்லும் அமைதியும் இந்த வயலின் அமைதிதான். லாரி வந்து மண் கொட்டும் முதல் நாளே அது போய்விடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வரவேற்பறையின் அழகைப் பார்க்குமுன், பக்கத்து நிலத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அந்த நிலம் கட்டுகிறவர் கைக்கே வந்திருந்தால், 'இந்த ஜன்னலுக்கு எதிரே இத்தனை அடி தூரத்துக்குள் கட்டமாட்டேன்' என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கிறாரா? வயலைப் பார்த்த வீட்டுக்கென்று சதுர அடிக்குக் கூட்டிக் கேட்கிறாரே, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.