தேவாங்கு என்ன பாவம் செய்தது?

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஐயம்பேட்டை. பட்டுத்தறி ஓடுகிற ஊர். இந்தப் பக்கத்துப் பட்டுச் சேலைகளின் கரையையும் முந்தியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மயில், கிளி எல்லாம் சரி. கூடவே யாளி வரும். சிங்க உடம்பில் துதிக்கை முளைத்த மாதிரி. ஒரே உடம்பில் இரண்டு தலையோடு இருதலைப்பட்சி வரும். இரண்டுமே உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆனாலும் ஜரிகையில் வந்துவிட்டால் கல்யாணப் பெண்ணுக்குப் பெருமைதான்!

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் இதே கதை. தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ட்யூப்லைட் பக்கத்தில் நிஜப் பல்லி தெரிந்தால் துடைப்பத்தைத் தேடுவார்கள். (தலையில் விழுந்து தொலைத்தால் பஞ்சாங்கத்தில் பலன் வேறு பார்க்கணும்.)

ஆக, விசித்திரப் பிராணி என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. உயிரோடு இருந்தால்தான் பிடிக்காது!

தேவாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒல்லியாக, முட்டைக் கண்ணோடு ஒருவன் இருந்தால் அவனுக்கு அந்தப் பெயர் நிச்சயம். நிஜத் தேவாங்கு கால் கிலோ தேறுவதே பெரிய விஷயம். குச்சிக் கை கால், வெளியே தெரிகிற வால் கிடையாது, ராத்திரியில்தான் நடமாட்டம். குரங்குக்குத் தூரத்து உறவு. மாந்திரீகம், நாட்டு மருந்து என்று சொல்லியே இதைப் பிடித்துக் கொன்றிருக்கிறார்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் முதல் சரணாலயம் அதுதான்.

நல்ல செய்தி. ஆனால் தேவாங்குக்காகப் பேசுகிறவர்கள்கூட "பயிரைக் கெடுக்கும் பூச்சியைத் தின்கிறது, விவசாயிக்கு நண்பன்" என்று வரவுப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். மயிலிடம் யாராவது பேலன்ஸ் ஷீட் கேட்டார்களா? பயிரை மேய்கிறது என்று விவசாயிகள் புலம்பியும் அது தேசியப் பறவையாக ஜம்மென்று உலாவுகிறது. அழகாயிருந்தால் கணக்கு வேண்டாம், அசிங்கமாயிருந்தால் ஆடிட்டிங். என்ன நியாயம் இது?

கணக்குப் பார்க்காமல் பிடித்துப்போனவர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே பாம்புப் பைத்தியமான ரோமுலஸ் விட்டேகர், 1976-ல் சிலரோடு சேர்ந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். தோலுக்காக வேட்டையாடி முதலைகள் அருகிப்போயிருந்த காலம். கண்ணீரைக்கூட யாரும் நம்பாத பிராணி அது! அங்கே ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தன.

பிடித்துப்போவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தேவாங்கின் உறவுக்காரப் பிராணி ஒன்று தென்கிழக்காசியாவில் இருக்கிறது. 2009-ல் அதைக் கிச்சுகிச்சு மூட்டும் வீடியோ ஒன்று யூட்யூபில் சக்கைப்போடு போட்டது. கையைத் தூக்கிக்கொண்டு ரசிக்கிறதாம்! உண்மையில் ஆபத்து என்றால்தான் அது கையைத் தூக்கும். கை மடிப்பில் விஷச் சுரப்பி. வீட்டில் வளர்க்க விற்கிறவர்கள் கடிக்காமலிருக்க அதன் பல்லை வெட்டிவிடுகிறார்கள். இந்தப் பாசத்துக்குத் துடைப்பமே தேவலை.

தேவாங்கு கடவூர்க் காட்டிலேயே இருக்கட்டும். ஐயம்பேட்டைத் தறி ஒன்றில் யாளிக்குப் பக்கத்தில் அதையும் நெய்து பார்த்தால் என்ன? அந்தக் கண் இரண்டுக்கும் ஜரிகை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.