ஃபால்ஸ் அலாரமா? பாயசம் வையுங்கள்!

'ஃபால்ஸ் அலாரம்!' - இந்த இங்கிலீஷ் வார்த்தை புழங்காத வீடு இன்றைக்கு உண்டா என்ன? நிறைமாதப் பெண்ணைப் பை, பிளாஸ்க் சகிதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மறுநாள் காலையில் அப்படியே திரும்பினால் 'ஃபால்ஸ் அலாரம்'. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று ஓடி, இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, ''பயப்பட ஒண்ணுமில்லை'' என்று டாக்டர் சொன்னால், அதுவும் 'ஃபால்ஸ் அலாரம்'தான்.

வார்த்தையை இரவல் வாங்கிக்கொண்டோம், சரி. அதை எந்தத் தொனியில் சொல்வது என்பதை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டோமே!

'அலாரம்' என்ற சொல்லின் பூர்வீகம் இத்தாலி. 'ஆயுதத்தை எடு!' என்று படைவீரர்களை உசுப்பும் குரலிலிருந்து வந்தது. எதிரி வராமலே அந்தக் குரல் எழுந்துவிட்டால், அது ஃபால்ஸ் அலாரம். இன்றைக்கு இங்கிலீஷ்காரர்கள் அதைப் பெரும்பாலும் ஒரு நிம்மதிப் பெருமூச்சோடுதான் சொல்கிறார்கள். 'நல்லவேளை, பயந்தபடி ஒன்றும் இல்லை' என்பதுதான் அதன் உள்ளர்த்தம். வேண்டுமென்றே கிளப்பிவிடும் புரளிக்கு 'ஹோக்ஸ்' என்று தனி வார்த்தையே வைத்திருக்கிறார்கள்.

நாமோ, 'ஃபால்ஸ்' என்றால் 'பொய்' என்று ஸ்கூலில் படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டோம். அதனால்தான் வீடு திரும்பியதும் விசாரணைக் கமிஷன் ஆரம்பித்துவிடுகிறது. ''சும்மா எல்லாரையும் கலவரப்படுத்திட்டீங்களே...'', ''ஒரு சோடா குடிச்சிருந்தா சரியாப் போயிருக்கும். ஆயிரக்கணக்குல தண்டம்!'' என்றெல்லாம் பேச்சு. புலி வருது, புலி வருது என்று ஏய்த்த பையனைப் போல, வலியால் துடித்தவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பையன் பொய் சொன்னான். இவர் பொய் சொல்லவில்லையே! வலித்தது நிஜம். காரணம்தான் வேறு.

இதிலென்ன பெரிய விஷயம், வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்கிறீர்களா? ஆபத்தே இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை கேலிக்கு ஆளானவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். 'விடியட்டும், பார்த்துக்கலாம்' என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே படுத்திருப்பார். அந்த முறை வந்தது நிஜ மாரடைப்பாக இருந்துவிட்டால்? அடைபட்ட ரத்தக்குழாயைத் திறப்பதற்குத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

''கேஸா, ஹார்ட்டா என்று எனக்குத் தெரியாதா?'' என்று சிலர் கேட்பார்கள். தெரியாது என்பதுதான் உண்மை. மாரடைப்பு வந்தவருக்கே முதல் இ.சி.ஜி. சில சமயம் நார்மலாக இருக்கும். இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கசியும் 'ட்ரோபோனின்' அளவு உயர்வதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் டாக்டர்கள் உட்காரவைத்து, இரண்டாம் முறையும் ரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சு வாங்குவது, வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, தாடை வலி என்று மட்டும் வருவதுண்டு. டாக்டர்களே இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிப்பதை, சோடாவை வைத்து நாம் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? சோடா குடித்து வலி குறைந்தால்கூட, அது கேஸ்தான் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பிரசவ விஷயத்துக்கு வருவோம். நம் பாட்டிமார்கள் 'சூட்டு வலி', 'பொய் வலி' என்று சொன்னதைத்தான், ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1872-ல் விவரித்து எழுதினார். கர்ப்பப்பை தானாகவே அவ்வப்போது இறுகித் தளர்கிறது. கொஞ்சம் நடந்தாலோ, புரண்டு படுத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். இடைவெளி குறைந்துகொண்டே, வலி கூடிக்கொண்டே வந்தால்தான் அது நிஜ வலி. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ஒன்பதாம் மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டு வலித்தாலோ, பொய்யா நிஜமா என்று பட்டிமன்றம் நடத்தாமல் உடனே கிளம்ப வேண்டும். முதல் பிரசவத்தில் ஒருமுறை திரும்பி வந்த பெண்ணைக் கிண்டல் செய்யாதீர்கள், ப்ளீஸ்! வெட்கப்பட்டு அடுத்த முறை அவள் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டால், ஆபத்து இரண்டு உயிருக்கு.

இதற்கு நேர்மாறான இன்னொன்று உண்டு. திடீரென்று வாய் கோணும், கை மரத்துப்போகும், பேச்சு குழறும்... பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். ''அப்பாடா, ஃபால்ஸ் அலாரம்!'' என்று காபி போடக் கிளம்பிவிடுவார்கள். இல்லவே இல்லை! இது மினி ஸ்ட்ரோக். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டு, தானாகத் திறந்திருக்கிறது. பெரிய ஸ்ட்ரோக் வரும் அபாயம் அடுத்த இரண்டு நாளில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சரியாகாவிட்டால் சொல்லவே வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி இதற்கு அருமையான உதாரணம் சொல்கிறார். புகையைக் கண்டு அலறும் கருவி, அடுப்பில் ரொட்டி கருகினாலும் அலறத்தான் செய்யும். எரிச்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றிப் போட்டால், நிஜமாகவே தீப்பிடிக்கும்போது யார் எழுப்புவது? நம் உடம்பும் அப்படித்தான். பத்து முறை வீணாக அலறினாலும், பதினோராவது முறைக்காக அதை மன்னிக்கத்தான் வேண்டும்.

செலவாகிறதே என்கிறீர்களா? வாஸ்தவம். மாதக் கடைசியில் ராத்திரி கேஷுவாலிட்டி பில் வலிக்கத்தான் செய்யும். இ.சி.ஜி. வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது, ராத்திரியிலும் டாக்டர் இருப்பாரா என்று இன்றே விசாரித்து வையுங்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனாலும் படபடப்பும் பயமும் திரும்பத் திரும்ப வருகிறதா? அதுவும் நடிப்பு இல்லை. 'பேனிக் அட்டாக்' ஆக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு. திட்டுவது வைத்தியமல்ல.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியிலிருந்து, 'ஒண்ணுமில்லை' என்ற நல்ல சேதியோடு யாராவது திரும்பி வந்தால், பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில், ''சொன்னது நல்லதாப் போச்சு. இனிமேலும் இப்படி ஏதாவதுன்னா உடனே சொல்லணும்'' என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பாயசமும் வையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் வேண்டாம்!