கடல் கடக்குமா கல்விப் பரிமாற்றம்?

ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர், பட்டப்படிப்பின் நடுவே சில மாதங்கள் நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கு பெற்ற தேர்ச்சியைத் தமது பட்டத்தோடு சேர்த்துக் கொள்ளலாம். இந்தியாவில் இன்று இதற்கு விதியே தடையாக இல்லை. "அகாதெமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' எனப்படும் தரமதிப்பு வங்கிக்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் வெளியிட்டது. தேசிய கல்விக் கொள்கையின் முதலாண்டு நிறைவையொட்டி பிரதமரே அதைத் தொடங்கி வைத்தார். பட்டத்துக்குரிய தரமதிப்பில் குறைந்தது பாதியைத் தாம் சேர்ந்த நிறுவனத்தில் பெற வேண்டும். மீதியை வேறு நிறுவனங்களில் பெறலாம். சேமித்த தரமதிப்பு 7 ஆண்டுகள் வரை செல்லும். இதுதான் அந்த விதிமுறைகளின் சாரம்.

தாளில் படிக்கும்போது இது ஒரு புரட்சியாகவே தோன்றும். தில்லியிலிருந்து அறிவிக்கப்படும் எந்தத் திட்டத்துக்கும் உண்மையான சோதனைக்களம் தில்லியில் இல்லை. அது எட்டாத தொலைவில் இருக்கும் ஊர்களில் இருக்கிறது. அத்தகைய ஊர்களில் ஒன்று தெற்கு அந்தமானிலுள்ள சிப்பிகாட்.

போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) 15 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவில், உப்பங்கழியையொட்டி அமைந்த விவசாயக் கிராமம் இது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது தெற்கு அந்தமானின் நிலப்பரப்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலை வந்து திரும்பிவிட்டது. ஆனால் தாழ்ந்த நிலம் மீண்டும் எழவில்லை. சிப்பிகாட்டின் நெல்வயல்களில் ஒவ்வோர் ஓதத்தின்போதும் கடல்நீர் ஏறத் தொடங்கியது. தென்னையும் பாக்கும் பட்டுப்போன இடங்களில் நாளடைவில் அலையாத்திச் செடிகள் முளைத்தன. அதே நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் கரையோரப் பகுதிகள் கடலிலிருந்து உயர்ந்தன. ஒரே தீவுக்கூட்டத்தில் ஒரு முனை எழும்ப, மறு முனை அமிழ்ந்த இந்த நிகழ்வை விளக்க இதைவிடச் சிறந்த வகுப்பறை இந்தியாவில் வேறு ஏது?

கடல்மட்ட உயர்வு குறித்தும், உவர்நிலத்தில் வேளாண்மை குறித்தும், பேரிடர் மேலாண்மை குறித்தும் நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தப்படுகிறது. அந்த மாணவர்களில் சிப்பிகாட்டில் ஒரு பருவம் தங்கி, நீர் ஏறி இறங்குவதை அளந்து, நிலம் இழந்த விவசாயியிடம் பேசிப் படிக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்கு உண்டு? மறுபுறம், அந்த விவசாயியின் மகள் கோவையிலோ, சிதம்பரத்திலோ, தில்லியிலோ ஒரு பருவம் பயின்று திரும்ப வழி உண்டா? தரமதிப்பு வங்கியில் இருவருக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுக்க அரசு ஆயத்தமாக இருக்கிறது. கணக்கில் போட்டு வைப்பதற்கான வரவைத் தேடிக்கொள்வதுதான் மாணவரின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியாது. ஃபிஜி, சாலமன் தீவுகள், சமோவா, டோங்கா உள்ளிட்ட பசிபிக் தீவுகளிலிருந்து 24 தென்னை வகைகளை இந்திய விஞ்ஞானிகள் 1981-இல் சேகரித்து வந்தனர். அயல்நாட்டு நோய்கள் தென்னகத் தோப்புகளில் பரவிவிடக் கூடாது என்பதற்காக, கடல் சூழ்ந்த அந்தமானைத் தேர்ந்தெடுத்து, சிப்பிகாட்டில் உலகத் தென்னை மரபுவள மையத்தை அமைத்தனர். பல்லாயிரம் கி.மீ. கடந்து வரும் தென்னம்பிள்ளைகளுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், பராமரிப்பு, பதிவேடு என அனைத்தையும் அன்றைக்கே திட்டமிட முடிந்திருக்கிறது. கன்றுகளுக்குச் செய்ததை, 40 ஆண்டுகளுக்குப் பிறகும் கற்க வருவோருக்குச் செய்ய முடியவில்லை என்பது நிர்வாகத்தின் இயலாமையையா காட்டுகிறது, அக்கறையின்மையையா?

அந்தமான் மாணவர்களுக்குப் பெருநிலப் பயணம் புதிதல்ல. தீவுகளின் முதன்மைக் கல்லூரியான ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-இல் தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியோ 2015-இல்தான் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மருத்துவம் உள்ளிட்ட தொழிற்கல்வி பயில விரும்பியோர், ஒதுக்கீட்டு இடங்களை நம்பிச் சென்னைக்கும், கொல்கத்தாவுக்கும், வேறு நகரங்களுக்கும் கப்பலேறினர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் செல்ல மூன்று நாட்கள் வரை ஆகும்.

அவர்கள் சென்றது வேறு வழியின்மையால். பரிமாற்றம் என்பதோ இருவழிப் பாதை. தீவிலிருந்து ஒருவர் வந்தால், இங்கிருந்து ஒருவர் செல்ல வேண்டும். இருவரும் தத்தம் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். இதில் தீவின் கல்லூரி, மாணவரை இழக்கும் இடமாக மட்டும் இல்லாமல் மாணவரை வரவேற்கும் இடமாகவும் ஆகிறது. அந்த மதிப்பே அக்கல்லூரிக்கு நல்ல ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடங்களையும் கேட்டுப் பெறும் தகுதியைத் தரும்.

வெளிநாட்டு அனுபவம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் உள்நாட்டு மாணவர் பரிமாற்றத்துக்கென்றே 1968-இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. வேறு மாநிலத்து மாணவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்கும் வழக்கமுள்ள அந்நாட்டில், பரிமாற்ற மாணவர் தமது கல்லூரிக் கட்டணத்தையோ, சென்று சேரும் மாநிலத்தின் உள்ளூர்க் கட்டணத்தையோ செலுத்தினால் போதும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. ஐரோப்பாவின் "எராஸ்மஸ்' திட்டம் 1987-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களோடு தொடங்கியது. இன்று அதனால் பயன்பெற்றோர் ஒரு கோடிக்கும் அதிகம். அதன் வெற்றிக்குக் காரணம் மூன்று: சென்ற இடத்தில் கல்விக் கட்டணம் இல்லை, தங்குவதற்கு உதவித்தொகை உண்டு, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பது மாணவர் புறப்படுவதற்கு முன்பே எழுத்து மூலம் உறுதி செய்யப்படும்.

இந்த மூன்றில் ஒன்றைக்கூட தரமதிப்பு வங்கி உறுதி செய்யவில்லை. அது பதிவேடு மட்டுமே. வந்து சேரும் மாணவருக்கு விடுதியில் இடம் தருவது யார்? இரண்டு இடங்களிலும் கட்டணம் செலுத்த நேர்ந்தால் ஏழை மாணவர் என்ன செய்வார்? ஒரே பாடத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் நான்கு தரமதிப்பும் இன்னொன்று மூன்றும் வழங்கினால், பட்டம் பெறும் நேரத்தில் ஏற்படும் குறைவை ஈடுகட்டுவது எப்படி? இக்கேள்விகளுக்குப் பதில் இல்லாதவரை, பணமும் தகவலும் உள்ள பெருநகர மாணவர்களின் வசதியாகவே இத்திட்டம் நின்றுவிடும்.

மத்திய அரசு இத்திசையில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2015 அக்டோபர் 31-இல் அறிவிக்கப்பட்ட "ஒரே பாரதம், உன்னத பாரதம்' திட்டத்தில் மாநிலங்கள் இணைகளாகச் சேர்க்கப்பட்டன. தமிழகத்துக்கு ஜம்மு-காஷ்மீர் இணையாயிற்று. அந்தமானுக்கு இணை எது தெரியுமா? லட்சத்தீவுகள். வங்காள விரிகுடாவில் உள்ள தீவையும் அரபிக் கடலில் உள்ள தீவையும் இணைத்து, இரண்டுக்கும் எட்டாத பெருநிலத்தை நடுவில் விட்டுவிட்டார்கள். 2023-இல் தொடங்கிய "யுவ சங்கம்' பயணங்களும் சில நாள்களில் முடிந்துவிடுகின்றன. சில நாள் பயணத்தில் கோயிலையும் கோட்டையையும் பார்க்கலாம்; மக்களையும் மண்ணையும் அறிய ஒரு பருவமாவது தங்க வேண்டும்.

தமிழக வாசகர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. தேசிய கல்விக் கொள்கையைத் தமிழகம் ஏற்கவில்லை. தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது முதல், தில்லியிலிருந்து வரும் ஒவ்வொரு "ஒருங்கிணைப்பு' முயற்சியையும் ஐயத்தோடு பார்ப்பதற்கு இங்கு காரணங்கள் உண்டு. பரிமாற்றம் என்ற பெயரில் எல்லாப் பாடத்திட்டங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது.

ஆனால், எல்லா இடத்திலும் ஒரே பாடம் என்றால் வேறிடம் செல்வதற்கே தேவை எழாதே! பாடங்கள் வேறுபடுவதால்தான் பரிமாற்றத்துக்குப் பொருள் இருக்கிறது. ஆகவே, பன்மையைக் காக்க விரும்பும் மாநிலமே இதில் முன்னே நிற்க வேண்டும். இதற்கு தேசிய கல்விக் கொள்கையை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரு பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்து கொள்ளும் ஓர் உடன்படிக்கை போதும்.

தமிழகத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேறு காரணமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிகோபார் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் கச்சால் தீவில் குடியமர்த்தப்பட்ட வரலாறும் உண்டு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அருகிலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. பன்னெடுங்காலமாக நிற்கும் காட்டைப் பிச்சாவரத்திலும், கண்ணெதிரே உருவாகிவரும் காட்டைச் சிப்பிகாட்டிலும் ஒரே மாணவர் பார்க்க முடிந்தால் அந்தப் படிப்பின் ஆழமே வேறாக இருக்கும். கோவையின் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும், நாகப்பட்டினத்தின் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் இத்தகைய இணைப்புகள் இயல்பாகவே பொருந்தும்.

எங்கிருந்து தொடங்குவது? விடை கையருகிலேயே இருக்கிறது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போர்ட் பிளேரில் ஒரு வளாகம் உண்டு. கடலியல், கடல் உயிரியல், பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகள் அங்குதான் உள்ளன. அந்தமான் கல்லூரி மாணவர்கள் பல்லாண்டுகளாக அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெற்று வந்துள்ளனர். ஒரே பல்கலைக்கழகத்தின் இரு கரைகளுக்கு இடையே மாணவர்கள் மாறிப் படிக்க எந்த வங்கியும், எந்த உடன்படிக்கையும் தேவையில்லை. துணைவேந்தரின் முனைப்பும், கல்வி அமைச்சகத்தின் சிறு நிதி ஒதுக்கீடும் போதும். அதில் கிடைக்கும் அனுபவத்தைக் கொண்டு பிற பல்கலைக்கழகங்களுக்கு விரிவாக்கலாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பரிமாற்ற மாணவர் தம் கல்லூரியில் மட்டுமே கட்டணம் செலுத்த வேண்டும். கப்பலில் தீவுவாசிகளுக்கு உள்ள சலுகைக் கட்டணம் அவருக்கும் கிடைக்க வேண்டும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதைக் கணக்கில் கொண்டு தேர்வு நாள்களை வகுக்க வேண்டும். விடுதியில் சில இடங்களை ஒதுக்க வேண்டும். பாட ஈட்டை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு உதவித்தொகையில் முன்னுரிமை வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். முதலாவது, மாணவர்களை வெளியே அனுப்புகிறோம் என்பதைக் காரணம் காட்டி, தீவுக் கல்லூரிகளில் ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வெளியே சென்று திரும்பும் மாணவருக்கு, திரும்பி வந்து படிக்கத் தகுந்த கல்லூரி வேண்டும். இரண்டாவது, அந்தமானின் பூர்வகுடிகளைப் பாதுகாக்க 1956-இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தின் எல்லைகள் மாணவர்களுக்கும் பொருந்தும். ஜாரவாக்களும் சென்டினலியர்களும் எவருடைய பாடப்பொருளும் அல்லர். களப்பணி என்ற பெயரில் அவர்களின் காப்புக்காடுகளை நெருங்க எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக்கப்படக் கூடாது.

தில்லியில் தேசிய ஒருமைப்பாடு குறித்து நடக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் அந்தமான் பெரும்பாலும் ராணுவக் கேந்திரமாகவோ, சுற்றுலாத் தலமாகவோ, செல்லுலார் சிறையின் நினைவாகவோ மட்டுமே பேசப்படுகிறது. அங்கு படிக்கும் வயதில் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களிடமிருந்து பெருநிலம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்பதும் நினைவுக்கு வருவதில்லை. வயலைக் கடல் கொண்டது எப்படி, அதன் பின்னும் வாழ்வது எப்படி என்பதை சிப்பிகாட் மக்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அனுபவத்தில் கற்று வருகிறார்கள். கடல்மட்டம் உயரும் காலத்தில் அந்தப் பாடம் நாகப்பட்டினத்துக்கும் தேவைப்படும்; கடலூருக்கும் தேவைப்படும்.

அந்தப் பாடத்தைக் கற்க ஒரு பருவ காலத்துக்கு 50 மாணவர்களை அங்கே அனுப்பி, அங்கிருந்து 50 பேரை இங்கே வரவேற்க ஆகும் செலவு, ஒரு தேசிய விழாவின் விளம்பரச் செலவைவிட அதிகமாகிவிடுமா? கல்வி அமைச்சகமும், அந்தமான் நிர்வாகமும், தமிழக அரசும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.