எலும்புக்குக் கட்டிய ஒயின் வரி

பாத யாத்திரைகளைப்பற்றி இப்பத்திரிகையில் எழுதப்படும்போதெல்லாம், ஆஸ்திகத் தோழர்களில் கொஞ்சம் படித்தவர்களாயிருப்பவர்கள் ஒரு கேள்வியைத் தூக்கிப்போட்டுவிட்டு, நம் வாயை அடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். அதென்னவென்றால், "ரயிலும் ஆகாய விமானமும் கண்டுபிடித்த வெள்ளைக்காரனே ஸ்பெயின் தேசத்தில் ஒரு மாதகாலம் கால்நடையாக நடந்து, காலெல்லாம் கொப்புளம் கொண்டு, சாமி கும்பிடப் போகிறானே, அவனைவிட உங்களுக்குப் புத்தி அதிகமோ?" என்பதாகும்.

வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் புத்திசாலித்தனம் என்று நாம் எக்காலத்திலும் சொன்னதில்லை. எந்த நிறத்துத் தோலுக்குள் இருந்தாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான். ஆயினும் கேள்வி வந்துவிட்டபடியால், அந்த யாத்திரையின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிப்போம்.

அங்கே போகும் பாதைகளில் அதிகக் கூட்டம் நடப்பதற்குப் பிரஞ்சுப் பாதை என்று பெயர். பிரான்சு எல்லையிலுள்ள சேன் ழான் பியே த போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, பாம்ப்லோனா, லோக்ரோன்யோ, புர்கோஸ், லியோன் பட்டணங்கள் வழியாக, ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்னும் ஊரில் முடிகிறது. சுமார் 780 கிலோமீட்டர். நடுவழியில் லா ரியோஹா என்ற மாகாணம். ஒயின் குடிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர். எப்ரோ நதியின் கல்பாலத்தைக் கடந்து லோக்ரோன்யோவில் நுழைந்தது முதல், நவர்ரேத்தே, நாஹெரா, சாந்தோ தோமிங்கோ என்று இரண்டு மூன்று நாள் நடையும் பெரும்பாலும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவேதான். செம்மண் பூமி, பந்தலில் ஏற்றாமல் குட்டையாக நறுக்கி நிறுத்திய கொடிகள். ரியோஹாவுக்குள் நுழையும் முன்பே, இராச்சே என்னுமிடத்தில் ஒரு ஒயின் கம்பெனி 1991-ல் சுவரில் இரண்டு குழாய்களை வைத்தது. ஒன்றைத் திருகினால் தண்ணீர். இன்னொன்றைத் திருகினால் சிவப்பு ஒயின். யாத்திரைக்காரர்களுக்கு இனாம்! நம்மூர்த் தண்ணீர்ப்பந்தலில் மோரோடு சரி. பக்தியிலும் தேசத்துக்குத் தேசம் ருசி வேறு போலும்.

நிற்க. இவ்வளவு தூரம் நடந்து எதைத் தரிசிக்கப் போகிறார்கள்? ஒரு வெள்ளிப் பேழையை. அதற்குள் இருப்பதாகச் சொல்லப்படுபவை, ஏசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவராகிய யாக்கோபுவின் எலும்புகள். நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அழைப்பது இவரைத்தான். தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டிலும் இவர் பேரால் கோவில் உண்டு.

இந்த யாக்கோபு எங்கே செத்தார்? கிறிஸ்தவ வேதமே சொல்லுகிறது. ஏரோது ராஜா இவரைப் பட்டயத்தால் கொலை செய்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 12-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அது நடந்தது எருசலேமில், சுமார் கி.பி. 44-ல். ஸ்பெயினுக்கு அவர் பிணம் போயிற்று என்று அந்த வேதத்தில் எங்கும் கிடையாது. பின் எப்படிப் போயிற்று? சுக்கானும் மாலுமியும் இல்லாத ஒரு படகு, தேவதூதர்கள் நடத்த, மத்தியதரைக் கடல் முழுவதும் கடந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தில் திரும்பி, கலிசியாக் கரையில் தானே ஒதுங்கிற்றாம். அப்புறம் சுமார் எண்ணூறு வருஷம் அந்தச் சமாதியைப்பற்றிப் பேச்சுமூச்சில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு துறவி காட்டில் ஏதோ வெளிச்சம் கண்டாராம். தெயோதொமீரோ என்ற பிஷப் போய்ப் பார்த்து, இதுதான் யாக்கோபு சமாதி என்று தீர்ப்புச் சொன்னாராம். அல்போன்சோ என்ற அரசன் கோவில் கட்டிவிட்டானாம். எலும்பின்மேல் பேர் எழுதியிருந்ததா என்று கேட்கக்கூடாது. கேட்டால் நாஸ்திகம்!

அந்தச் சமயம் பார்த்து வெளிச்சம் தோன்றியதற்குக் காரணமில்லாமலில்லை. 711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூர்கள் என்னும் முஸ்லிம்கள் ஸ்பெயினில் பெரும்பகுதியை ஆண்டுகொண்டிருந்தார்கள். வடக்கு மூலையில் ஒண்டிக் கிடந்த சின்னக் கிறிஸ்தவ ராஜாவுக்குப் படையும் பணமும் சேர்க்க ஒரு பெரிய சாமி தேவைப்பட்டது. தேவை வந்தது, எலும்பும் வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே யாக்கோபுவின் தலை தங்களிடமே இருப்பதாக எருசலேமிலுள்ள ஆர்மீனியர் கோவிலில் சொல்லுகிறார்கள். பிரான்சில் துலூஸ் பட்டணத்துக் கோவிலும் ஒரு காலத்தில் அவருடைய உடல் தன்னிடம் என்று சொல்லிக்கொண்டது. போகட்டும், கொம்போஸ்தேலாக்காரர்களாவது தங்கள் எலும்பைப் பத்திரமாக வைத்திருந்தார்களா? 1589-ல் இங்கிலீஷ்காரன் டிரேக் பக்கத்துத் துறைமுகத்தைத் தாக்கியபோது பயந்துபோய் எலும்பை ஒளித்துவைத்தார்கள். ஒளித்த இடம் மறந்துபோயிற்று! சுமார் முந்நூறு வருஷம் ஜனங்கள் நடந்து நடந்து வந்து, எங்கே இருக்கிறதென்று தெரியாத எலும்பையே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேண்டுதல்கள் பலித்ததாகவும் சொல்லிக்கொண்டார்கள். 1879-ல் தோண்டியதில் சில எலும்புகள் கிடைத்தன. 1884-ல் போப்பாண்டவர் இவை அசல்தான் என்று சர்டிபிகேட் கொடுத்தார். உண்மையில் அங்கே புதைக்கப்பட்டிருப்பவர், மதவிரோதி என்று பட்டம் கட்டி 385-ஐ ஒட்டிக் கொலை செய்யப்பட்ட பிரிசில்லியானாக இருக்கலாம் என்று அனுமானித்த சரித்திர ஆசிரியர்களும் உண்டு. இது வெறும் அனுமானமே. நாம் அதை வற்புறுத்தவில்லை. ஆனால் அது நிஜமானால், தாங்களே கொன்ற நாஸ்திகனுக்குத் தாங்களே முழங்காலிடுகிறார்கள் என்றல்லவா ஆகும்!

இது பொய்யாயிருந்தால் என்ன, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் யாருக்கு என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறோம்.

லோக்ரோன்யோவுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் கிளவீஹோ என்ற கோட்டை மேடு இருக்கிறது. 844-ல் அங்கே ராமீரோ என்ற ராஜாவுக்கும் மூர்களுக்கும் பெரும் போர் நடந்ததாகவும், தோற்கும் தறுவாயில் யாக்கோபு வெள்ளைக்குதிரை ஏறி வாளோடு வந்து ஆயிரக்கணக்கான மூர்களை வெட்டிச் சாய்த்ததாகவும் கதை. மீன் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு "மூர்களைக் கொன்றவர்" என்று பட்டமும் கிடைத்தது. அந்தக் காலத்து ஏடுகளில் இந்தப் போரைப்பற்றிச் சாட்சியமில்லை. இது கட்டுக்கதை என்பதே சரித்திரக்காரர் முடிவு. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொம்போஸ்தேலா கோவில்காரர்கள் ஒரு சாசனத்தை எடுத்து நீட்டினார்கள். அதில், போரில் ஜெயித்த நன்றிக்காக ராமீரோ ராஜா வாக்குக் கொடுத்தபடி, உழவு மாடு ஜோடி ஒன்றுக்கு இவ்வளவு தானியமும் இவ்வளவு ஒயினும் வருஷாவருஷம் கோவிலுக்கு அளக்கவேண்டும் என்று கண்டிருந்தது. நடக்காத போருக்கு, எழுதாத ராஜா பேரில், கோவில்காரரே எழுதிக்கொண்ட சாசனம்!

இந்தக் கள்ளப் பத்திரத்தைக் காட்டி எத்தனை காலம் வசூலித்தார்கள் தெரியுமா? ஏறக்குறைய எழுநூறு வருஷம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், கொடி காய்த்தாலும் கருகினாலும், குடியானவன் சாமி பங்கை அளந்தாகவேண்டும். சில ஜில்லாக்காரர்கள் துணிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்தன. கடைசியில் 1812-ல் காதிஸ் நகரில் கூடிய ஜனப்பிரதிநிதி சபைதான் இந்த வரியை ரத்து செய்தது. 1814-ல் பெர்னாந்து ராஜா திரும்பி வந்ததும் கோவில்காரரும் கூடவே வந்து அதை மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டார்கள். 1834-ல்தான் அது ஒழிந்தது. அப்புறமும் 1937-ல், தன் தேசத்து ஜனங்களையே சுட்டுக்கொண்டிருந்த பிராங்கோ என்ற சர்வாதிகாரி, யாக்கோபுவைத் தேசத்துக் காவல் சாமியாக்கி, அரசாங்கக் காணிக்கையைத் திரும்ப ஏற்படுத்தினான். சாமி எந்தப் பக்கம் நிற்கும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அந்த லோக்ரோன்யோ ஊரிலேயே, யாக்கோபு கோவில் வாசலில், குதிரைக் காலடியில் மூர்கள் மிதிபடும் பெரிய சிலை இருக்கிறது. யாத்திரைக்காரர்கள் அதன் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு, சந்துகளிலுள்ள கடைகளில் ஒயினும் பலகாரமும் சாப்பிடப் போகிறார்கள். அதே ஊரில் 1610 நவம்பரில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த ஒயின் தொண்டையில் இறங்குமா என்பது சந்தேகம். மத விசாரணைக் கோர்ட்டார், பில்லி சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டி, பெருங்கூட்டத்தின் எதிரில் ஆறு பேரை உயிரோடு கொளுத்தினார்கள். சிறையிலேயே செத்துப்போன ஐந்து பேருக்குப் பொம்மை செய்து அதையும் கொளுத்தினார்கள். செத்தவனையும் விடாத தர்மம்!

ஆனால் இங்கே ஒரு மனிதனைப்பற்றிச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கோர்ட்டின் மூன்று ஜட்ஜுகளில் ஒருவர் அலொன்சோ தே சலசார். அவரும் பாதிரிதான். ஆனால் அவருக்குச் சந்தேகம் என்னும் நல்ல வியாதி இருந்தது. 1611-ல் அவர் மலைக்கிராமங்களுக்குப் புறப்பட்டுப் போய், 1,800 பேருக்குமேல் வாக்குமூலம் வாங்கினார்; அதில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். பறந்துபோனோம் என்றவர்களை எந்த இடம், எந்த வழி என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை. சூனிய மை என்று கொண்டுவந்ததை மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முடிவில், சூனியத்தைப்பற்றி உபதேசிகள் பேசவும் எழுதவும் தொடங்கின பிறகுதான் ஊரில் சூனியக்காரர் உண்டானார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். 1614-ல் மேலிடமும் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. பிற தேசங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் கொளுத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. பிரார்த்தனை காப்பாற்றாத உயிர்களை ஒரு குறுக்கு விசாரணை காப்பாற்றிற்று. இவருக்கு எந்தக் கோவிலும் கிடையாது. இவரை நோக்கி ஒருவரும் நடப்பதுமில்லை.

மேலே நடந்தால் சாந்தோ தோமிங்கோ ஊர் வருகிறது. அங்கே பெரிய கோவிலுக்குள், கூண்டில், உயிருள்ள சேவலும் கோழியும்! அநியாயமாகத் தூக்கிலிடப்பட்ட ஒரு யாத்திரைப் பையன் சாகவில்லை என்று பெற்றோர் சொன்னபோது, சாப்பிட உட்கார்ந்திருந்த நீதிபதி, "இந்த வறுத்த கோழி உயிரோடிருந்தால் அவனும் உயிரோடிருப்பான்" என்றானாம். உடனே தட்டிலிருந்த கோழி எழுந்து கூவிற்றாம். கோழிகளை முறைவைத்து மாற்றி இன்றும் வளர்த்துவருகிறார்கள். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த தோமிங்கோ என்பவரோ, 1109-ல் இறந்த நிஜமான மனிதர். படிப்பில்லை என்று மடங்கள் அவரைச் சேர்க்க மறுத்தனவாம். அவர் காட்டை வெட்டி ரோடு போட்டார்; ஓஹா ஆற்றுக்குப் பாலம் கட்டினார்; நோயாளிக்கும் வழிநடப்போருக்கும் சத்திரம் வைத்தார். பாலம் கட்டினவன் பெருமை போதாதென்று கோழியைக் கூவ வைத்தவர்களின் புத்தியை என்னவென்பது! அந்த ஏழைச் சத்திரம் இருந்த இடத்தில் இன்றைக்குப் பணக்காரர் தங்கும் சர்க்கார் ஹோட்டல் நடக்கிறது. மூட்டை சுமந்து வருகிறவன் வேறிடத்தில் அடுக்குக் கட்டில் தேடிப் போகவேண்டும்.

திராட்சைத் தோட்டத்தின் கதையும் இதே மாதிரிதான். 1899-ல் ஃபில்லாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ரியோஹாவில் நுழைந்து தோட்டந்தோட்டமாகச் சாப்பிட்டது. யாக்கோபு குதிரையேறி வரவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரின்மேல் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டி மனிதர்களே பிழைக்கவைத்தார்கள். ஆனால் இன்றும் செப்டம்பரில் லோக்ரோன்யோ திருவிழாவில் முதல் பழத்தை மிதித்துப் பிழிந்த சாறு வல்வனேரா மாதாவுக்குத்தான் படைக்கப்படுகிறது. ஒட்டுக்கட்டினவனுக்கு ஒரு சொட்டுமில்லை! அந்தப் பழத்தைக் குனிந்து அறுப்பவர்களிலே பெரும்பங்கு மொராக்கோவிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்த கூலிகள். அறுவடை நாளில் தங்க இடமில்லாமல் தெருவில் படுப்பவர்களைப்பற்றி அந்த ஊர்ப் பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. மூர் வம்சத்தான் பழம் அறுக்கவேண்டும். மூரை வெட்டின சாமி வாசலில் நிற்கவேண்டும். கொம்போஸ்தேலாவிலுள்ள இதேபோன்ற சிலையை எடுத்துவிடுவதாக 2004-ல் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பவே, வெட்டுண்ட தலைகள் தெரியாதபடி பூவை வைத்து மறைத்தார்கள். கொலையை மறைக்கப் பூ!

இனி, "வெள்ளைக்காரனே நடக்கிறானே" என்ற கேள்விக்கு வருவோம். 1986-ல் அங்கே யாத்திரைச் சான்றிதழ் வாங்கினவர்கள் சுமார் 2,500 பேர். 2024-ல் ஏறக்குறைய 5 லட்சம். இடையில் எலும்புக்குச் சக்தி கூடிவிட்டதா? இல்லை. 1993-ல் கலிசியா சர்க்கார் பணம் செலவழித்து உலகெங்கும் விளம்பரம் செய்தது, விடுதிகள் கட்டிற்று. இதுதான் அற்புதம். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்று சான்றிதழுக்கு விதி இருப்பதால், பெருங்கூட்டம் அங்கிருந்தே கிளம்புகிறது. நடப்பவர்களில் எத்தனையோ பேர் சாமி நம்பிக்கையே இல்லாதவர்கள். ஊர் பார்க்கவும், உடம்பு இளைக்கவும், ஒயின் ருசிக்கவும், மனக்கவலை தீரவும் நடக்கிறார்கள். தாராளமாக நடக்கட்டும். கால் இருப்பது நடப்பதற்குத்தான். நாம் அதற்கு விரோதியல்ல. அவர்கள் நடையைக் காட்டி இவர்கள் சாமிக்குச் சாட்சி தேடுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

அந்தச் சாமியின் காவல் திறமையையும் பார்த்துவிடலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய விலைமதிப்பற்ற யாத்திரை ஏடு ஒன்று, 2011 ஜூலையில் கொம்போஸ்தேலா கோவிலிலிருந்து காணாமற்போயிற்று. ஒரு வருஷம் கழித்து, முன்பு அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவரின் கார் கொட்டகையில் போலீசார் அதைக் கண்டெடுத்தார்கள். கூடவே பத்து லட்சம் யூரோவுக்குமேல் ரொக்கம் அகப்பட்டது. கோவில் காணிக்கையை அவர் வருஷக்கணக்காக எடுத்துவந்திருக்கிறார் என்று கோர்ட்டில் ருசுவாகி, 2015-ல் தண்டனையும் ஆயிற்று. தன் உண்டியல் பணம் போவது தெரியாத சாமிதான் நடப்பவன் பாவக்கணக்கைத் தீர்க்கப்போகிறது! ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் வருஷம் போனால் முழுப் பாவமன்னிப்பு என்று விதி. அடுத்தது 2027-ல் வருகிறது. அதற்குள் நம் ஆஸ்திகத் தோழர்கள், யாக்கோபுவின் தலை எருசலேமிலிருக்கிறதா, கொம்போஸ்தேலாவிலிருக்கிறதா என்பதையாவது விசாரித்து வைத்துக்கொண்டு நம்மிடம் வரட்டும்.