மரதனுக்கு மாரியிலேயே ஆயத்தமாவோம்

 

மாரி வந்தால் மைதானம் குளம். பிள்ளைகள் வீட்டில் போனோடு. மழை விட்டதும் இல்ல விளையாட்டுப் போட்டி, அதற்கு முன்னோடியாக மரதன். இரண்டு மாதம் ஓடாத பிள்ளை ஒரே நாளில் வெயிலில், தார் வீதியில், பல கிலோமீற்றர் ஓடுகிறது. இதைத்தான் நான் பிழை என்கிறேன்.

2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அதை மறந்துவிட்டு அடுத்த போட்டிக்குப் பெயர் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே கடுங்குளிரிலும் மலையோட்டம் நடக்கிறது. மழையங்கி, விசில் கொண்டுவராதவரைப் பல போட்டிகளில் ஓட விடமாட்டார்கள். புறப்பட்டவர்களை எண்ணுவார்கள், திரும்பியவர்களையும் எண்ணுவார்கள். இதற்குப் பெரிய காசு தேவையில்லை, கவனம்தான் தேவை.

நாமும் மழை விட்ட காலைகளில், கிழமைக்கு மூன்று நாள், மெதுவாக ஓடப் பழக்குவோம். இடி முழங்கினால் நிறுத்துவோம். திருகோணமலை வீதியில் வாகனங்கள் வேகமாக வரும். பெரியவர் ஒருவர் சைக்கிளில் கூடப் போகட்டும். போட்டியன்று வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடிப்போம். வழியில் தண்ணீர், முதலுதவி, ஆயத்தமாக ஒரு வாகனம் இருக்கட்டும். நெஞ்சு நோ, மயக்கம் உள்ளதைப் பெற்றோர் மறைக்க வேண்டாம். இயலாத பிள்ளையை ஆசிரியர்களாகிய நாமும் வற்புறுத்த வேண்டாம்.

இல்லத்துக்குப் புள்ளி அடுத்த வருடமும் எடுக்கலாம். எண்ணி அனுப்பிய பிள்ளைகள் எண்ணிக்கை குறையாமல் வீடு வரவேண்டும்.

காலையில் சைக்கிளோடு வரக்கூடியவர்கள் கீழே சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தொடங்குவோம்.