விஷச் சாராயம்: கண் மங்கும்வரை காத்திருப்பதா?

"நேத்து ராத்திரி குடிச்சேன். காலையில நல்லாத்தானே எழுந்தேன்!"

விஷச் சாராயம் குடித்தவர் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பே எமன்!

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், நம் பக்கத்து மதுராந்தகம் வட்டாரத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-ஐத் தாண்டியது சாவு. எல்லாம் மெத்தனால் செய்த வேலை.

தொழிற்சாலையில் பயன்படும் திரவம் இது. பார்வைக்குத் தண்ணீர். வாசனையோ சாராய வாசனை. நாக்கு கண்டுபிடிக்காது.

ஈரல் ஆக்கும் விஷம்

உள்ளே போனதும் மெத்தனால் லேசான போதைதான் தரும். அதை விஷமாக்குவது நம் ஈரலே! முதலில் பார்மால்டிஹைடு ஆக்குகிறது. பிணம் கெடாமலிருக்கப் போடும் பார்மலினில் இருப்பது இதுதான். பிறகு பார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலம்!

இது மெதுவாக நடக்கும். அதனால்தான் தொல்லை தெரிய 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகிறது. நல்ல சரக்கும் கலந்து குடித்திருந்தால் இன்னும் தாமதம்.

இந்த அமிலம் ஏறினால், மூச்சு விட்டும் பயனில்லை. பிராணவாயுவை உடம்பு பயன்படுத்த முடியாது. முதல் அடி கண் நரம்புக்கு. பனிமூட்டம்போல் மங்கும். அடுத்து மூளை. கை கால் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதி சிதையும். பிழைத்தாலும் சிலருக்குப் பார்வை திரும்பாது. சிலருக்கு நடுக்கம் போகாது.

மருந்து உண்டு

ஈரலின் வேலையைத் தடுக்க மருந்து இருக்கிறது. டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றலாம். ஆனால் நேரத்தோடு வர வேண்டும். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்றால் உடனே 108-க்குப் போன் போடுங்கள். காஞ்சீபுரமோ செங்கல்பட்டோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "குடித்தேன்" என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கூடக் குடித்தவர்களையும் இழுத்துப் போங்கள், அவர்கள் நன்றாக இருந்தாலும்!

போலீசுக்குப் பயந்து வீட்டில் படுப்பவர்தான் சாகிறார். சிகிச்சைக்கு வருபவரிடம் வழக்கு, விசாரணை என்ற பேச்சே கூடாது. விற்றவனைப் பிடிக்கட்டும்!

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்ன நேரத்தில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்களோ! சந்தேகம் வந்தவுடனே ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாய் அறிவிக்க வேண்டும். பரிசோதனை முடிவு பிறகு வரட்டும்.

"குடிகாரனுக்கு என்னய்யா இரக்கம்?" என்று டீக்கடையில் கேட்பவர் உண்டு. குடித்தது தப்பாகவே இருக்கட்டும். அதற்குத் தூக்குத் தண்டனையா? அவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?